யாரும் தராத அனுமதி: டெனெரீஃப் விபத்தில் 'டேக்-ஆஃப்' என்ற கூட்டுச்சொல்

1977 மார்ச் 27, ஞாயிற்றுக்கிழமை. மாலை 5 மணி 6 நிமிடம் கடந்து சில நொடிகள் ஆகியிருந்தன. ஸ்பெயினுக்கு உட்பட்ட கேனரித் தீவுகளில் ஒன்றான டெனெரீஃபில், லோஸ் ரோடியோஸ் விமான நிலையம். ஓடுபாதையின் முனையில் நின்ற கே.எல்.எம். போயிங் 747 விமானத்தின் துணை விமானி வானொலியில் ஒரு வாக்கியத்தைச் சொல்லி முடித்தார்: 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்'. கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருந்தவர் 'ஓகே' என்றார். அரை நிமிடம் கழித்து அந்த விமானம், மூடுபனிக்குள் அதே ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருந்த பான் ஆம் நிறுவனத்தின் இன்னொரு 747 மீது மோதியது. 583 பேர் இறந்தார்கள். விமான விபத்து ஒன்றில் இத்தனை உயிர்கள் போனது அதற்கு முன்பும் இல்லை, இன்றுவரை பின்பும் இல்லை.

இந்த விபத்துக்குக் காரணம் ஒன்றல்ல. பக்கத்துத் தீவில் வெடித்த குண்டு, மலைமேல் இறங்கிய மேகம், நெரிசலில் திணறிய சிறு நிலையம், பணிநேர வரம்பு நெருங்கிக்கொண்டிருந்த தலைமை விமானி, அவர் பேச்சை மறுக்கத் தயங்கிய உதவியாளர்கள் என்று ஒன்றன்மேல் ஒன்றாக ஏறியவை பல. இவற்றில் எது பெரியது என்று தரவரிசை போடுவது என் வேலையல்ல. இவற்றின் நடுவே ஓடிய ஓர் இழையை, விமானம் ஓடி மேலெழுவதைக் குறிக்கும் 'டேக்-ஆஃப்' என்ற கூட்டுச்சொல்லை, மட்டும் எடுத்துப் பார்க்கிறேன். விசாரணை அறிக்கையின் மூன்று பரிந்துரைகளில் ஒன்று இந்தச் சொல்லைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

ஒரே சொல், பல தொழில்

ஆங்கிலத்தில் 'டேக் ஆஃப்' என்று பிரித்து எழுதினால் வினை. 'டேக்-ஆஃப்' என்று ஒட்டினால் பெயர். வினையில் குரலின் அழுத்தம் 'ஆஃப்' மீது விழும். பெயரில் 'டேக்' மீது விழும். நடுவில் போடும் சிறு கோடு தாளில்தான் தெரியும். காதுக்குக் கிடைப்பது அழுத்தம் மட்டுமே. அதுவும் பேசுபவருக்கும் கேட்பவருக்கும் ஆங்கிலம் தாய்மொழியாக இருந்தால்தான் நம்பத்தக்கது. வானொலியின் கரகரப்பில் அந்த நம்பிக்கையும் போய்விடும்.

இந்தச் சொல் எத்தனை தொழில்களில் வேலை பார்க்கிறது என்று பாருங்கள். டிராக்டரின் பின்புறம் துருத்திக்கொண்டு சுழலும் தண்டுக்குப் பெயர் 'பவர் டேக்-ஆஃப்'. நம் ஊர் வயல்களில் அதை பி.டி.ஓ. என்பார்கள். ரோட்டாவேட்டர் ஓடுவது அதில்தான்; வழக்கமான வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. கட்டடத் துறையில் 'குவான்டிட்டி டேக்-ஆஃப்' என்றால், வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு எவ்வளவு கான்கிரீட், எவ்வளவு கம்பி, எத்தனை கதவு என்று கணக்கெடுப்பது. குழாய் பொருத்துபவருக்கு 'டேக்-ஆஃப்' ஓர் அளவு: வளைவுத் துண்டின் மையத்திலிருந்து அதன் முனை வரையுள்ள தூரம். நீளம் தாண்டுபவர் கால் பதித்து எம்பும் 20 சென்டிமீட்டர் அகலப் பலகைக்கும் இதே பெயர்தான். பொருளாதாரத்தில் டபிள்யூ.டபிள்யூ. ராஸ்டோவ், ஒரு நாடு தன் பலத்தில் தானே வளரத் தொடங்கும் கட்டத்துக்கு இந்தப் பெயரைச் சூட்டினார். 1960-களில் வளரும் நாடுகளின் திட்ட வல்லுநர்கள் அதைக் கேட்காமல் கூட்டத்தை விட்டு வெளியே வந்திருக்க முடியாது. மேடையில் ஒருவரைப் போல நடித்துக் கேலி செய்வதும் 'டேக்-ஆஃப்'தான்.

இத்தனை பொருள் இருந்தும் அன்றாடத்தில் குழப்பம் வருவதில்லை. கட்டடப் பொறியாளரிடம் 'டேக்-ஆஃப் முடிந்ததா' என்று கேட்டால் அவர் வானத்தைப் பார்ப்பதில்லை. சொல்லுக்குப் பொருளைத் தருவது சொல்லின் உறுப்புகளைவிட அது பேசப்படும் களம்தான். ஒரு களத்தின் சொல் இன்னொரு களத்துக்குள் வந்து விழும்போதுதான் வேடிக்கை. அகராதியில் 'டிராபேக்' என்றால் குறைபாடு. திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளரிடம் 'டிராபேக் வந்துவிட்டது' என்று சொல்லிப் பாருங்கள், முகம் மலரும். அங்கே அது சுங்கச் சட்டத்தின்படி திரும்பக் கிடைக்கும் வரிப்பணம். 'ஓவர்சைட்' இன்னும் மோசம். ஒரு பொருளில் மேற்பார்வை, இன்னொரு பொருளில் கவனப்பிசகு. சர்வதேசச் சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு, அதாவது இக்காவோ, நாடுகளின் விமானப் பாதுகாப்பைத் தணிக்கை செய்ய நடத்தும் திட்டத்தின் பெயரிலேயே அந்தச் சொல் உட்கார்ந்திருக்கிறது. யாரும் அதைப் பிழைகளின் திட்டம் என்று படிப்பதில்லை என்பது களத்தின் பலம்.

நம் இலக்கணக்காரர்களுக்கு இது புதிய செய்தி அல்ல. இரண்டு சொற்கள் ஒட்டும்போது நடுவில் எதுவோ மறைகிறது. மறைந்ததை விரித்தால்தான் பொருள் வரும். 'பொன்மணி' என்றால் பொன்னால் ஆன மணியா, பொன்னும் மணியுமா என்பது விரிப்பவர் கையில் இருக்கிறது. இப்படிப் பொருள் மயங்கும் தொகைச்சொல் இரண்டு முதல் ஏழு பொருள் வரை கொள்ளும் என்று நன்னூல் எண்ணிக்கையே சொல்கிறது. ஆங்கிலக் கூட்டுச்சொற்களையும் இப்படி விரித்துப் பார்ப்பது டெனெரீஃபைப் புரிந்துகொள்ள உதவும்.

டெனெரீஃபில் பேசியவர்கள் வேறு வேறு தொழிலைச் சேர்ந்தவர்கள் அல்லர். எல்லோரும் விமானத் துறையினர். அதுதான் இந்த நிகழ்வைத் தனித்து நிற்கச் செய்கிறது. களம் ஒன்றாக இருந்தும், உட்கார்ந்திருந்த நாற்காலி வேறாக இருந்தது.

அன்று பிற்பகல்

இரண்டு விமானங்களும் போக வேண்டிய இடம் டெனெரீஃப் அல்ல, கிரான் கேனரியா தீவின் லாஸ் பால்மாஸ். கே.எல்.எம். 4805 ஆம்ஸ்டர்டாமிலிருந்து சுற்றுலாப் பயணிகளுடன் வந்தது. பான் ஆம் 1736 லாஸ் ஏஞ்சல்ஸில் கிளம்பி நியூயார்க் வழியாக வந்தது. அதன் பயணிகள் பெரும்பாலும் கப்பல் சுற்றுலா போகவிருந்த முதியவர்கள். 1970 ஜனவரியில் உலகின் முதல் 747 பயணிகள் சேவையைப் பறந்து காட்டிய விமானமும் இதுவே. பெயர் 'கிளிப்பர் விக்டர்'.

பிற்பகலில் லாஸ் பால்மாஸ் விமான நிலையத்தின் பயணியர் முனையத்தில், பூக்கடை ஒன்றில் கேனரித் தீவுகளின் பிரிவினை இயக்கத்தினர் வைத்த குண்டு வெடித்தது. இன்னொரு குண்டு இருப்பதாகத் தொலைபேசி மிரட்டல் வரவே நிலையத்தை மூடினார்கள். வந்துகொண்டிருந்த விமானங்கள் லோஸ் ரோடியோஸுக்குத் திருப்பி விடப்பட்டன. அது கடல் மட்டத்திலிருந்து 600 மீட்டருக்கு மேல் மலைகளுக்கிடையே அமைந்தது. ஓடுபாதை ஒன்று, அதற்கு இணையாக, விமானங்கள் ஊர்ந்து செல்லும் ஊர்தடம் ஒன்று. தரையில் நகரும் விமானங்களைக் காட்டும் ரேடார் இல்லை. ஞாயிற்றுக்கிழமை என்பதால் கோபுரத்தில் ஆட்களும் குறைவு. திருப்பி விடப்பட்ட விமானங்கள் ஊர்தடத்தின் மீதே வரிசையாக நிறுத்தப்பட்டுவிட்டதால், கிளம்ப விரும்பும் விமானம் ஓடுபாதைக்குள்ளேயே எதிர்த்திசையில் ஊர்ந்து மறுமுனைக்குப் போய், அங்கே 180 பாகை திரும்பி நின்று, பிறகு ஓட வேண்டியிருந்தது.

லாஸ் பால்மாஸ் மீண்டும் திறந்தபோது பான் ஆம் உடனே புறப்படத் தயார். முன்னால் கே.எல்.எம். நின்று எரிபொருள் நிரப்பிக்கொண்டிருந்தது. சுற்றிக்கொண்டு போக இடம் போதவில்லை. தலைமை விமானி யாக்கோப் வெல்டௌசன் வான் சாண்டென் கே.எல்.எம்.மின் 747 பயிற்சிப் பிரிவுக்கே தலைவர். நிறுவனத்தின் விளம்பரங்களில் முகம் வந்தவர். நெதர்லாந்தில் விமானிகளின் பணிநேரம் பற்றிய விதிகள் அப்போது புதிதாக இறுக்கப்பட்டிருந்தன. நேரம் தாண்டினால் விமானத்தை நிறுத்திப் பயணிகளை விடுதிகளில் தங்கவைக்க வேண்டும். லாஸ் பால்மாஸில் எரிபொருளுக்காகக் காத்திருக்க நேரலாம் என்று எண்ணி இங்கேயே நிரப்பிக்கொண்டார். அந்த 55,500 லிட்டர்தான் பின்னர் தீயாயிற்று.

எரிபொருள் நிரம்பி முடிவதற்குள் மேகம் ஓடுபாதை மீது இறங்கிவிட்டது. கே.எல்.எம். முதலில் ஓடுபாதைக்குள் நுழைந்து மறுமுனை நோக்கி ஊர்ந்தது. பான் ஆம் பின்னாலேயே வந்தது. அது இடப்பக்கம் மூன்றாவது வழியில் வெளியேற வேண்டும் என்பது உத்தரவு. மூன்றாவதா, முதலாவதா என்று விமானிகள் உறுதிப்படுத்திக் கேட்க, 'ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றாவது' என்று கோபுரம் எண்ணியே சொன்னது. ஆனால் மூன்றாவது வழி, வந்த திசையையே நோக்கிக் கூர்மையாக மடங்கும் வழி. 747 போன்ற பெரிய விமானம் அதில் திரும்புவது மிகக் கடினம். நான்காவதோ சாய்வாக, வசதியாக இருந்தது. பான் ஆம் மூன்றாவதைக் கடந்து நான்காவதை நோக்கி ஊர்ந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் கோபுரத்துக்குக் கே.எல்.எம். தெரியவில்லை, பான் ஆம் தெரியவில்லை. விமானங்களும் ஒன்றையொன்று பார்க்க முடியவில்லை. மூவரையும் இணைத்தது ஒரே அலைவரிசையில் போன ஆங்கிலச் சொற்கள் மட்டுமே. பேசியவர்களில் ஒரு தரப்புக்குத் தாய்மொழி டச்சு, இன்னொரு தரப்புக்கு ஸ்பானியம், மூன்றாவதுக்கு அமெரிக்க ஆங்கிலம்.

கடைசி ஒரு நிமிடம்

கே.எல்.எம். திரும்பி நின்றதும் தலைமை விமானி எந்திர வேகத்தைக் கூட்டும் விசையைச் சற்றே முன்னால் தள்ளினார். 'பொறுங்கள், நமக்கு இன்னும் அனுமதி வரவில்லை' என்றார் துணை விமானி கிளாஸ் மெயர்ஸ். 'தெரியும், கேளுங்கள்' என்றார் தலைமை விமானி. இந்த இடத்தை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். துணை விமானிக்கு விதி தெரியும். முதல் தடவை தடுக்கவும் செய்தார்.

5 மணி 5 நிமிடம் 44 நொடிக்குத் துணை விமானி கோபுரத்தை அழைத்தார். டேக்-ஆஃப்புக்குத் தயார், ஏ.டி.சி. கிளியரன்ஸுக்காகக் காத்திருக்கிறோம் என்றார். ஒரே மூச்சில் இரண்டு விஷயம். இவை இரண்டு தனித்தனி அனுமதிகள். ஏ.டி.சி. (விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு) கிளியரன்ஸ் என்பது வழித்தட அனுமதி: மேலே போன பிறகு எந்தப் பக்கம் திரும்ப வேண்டும், எந்த உயரத்தில் பறக்க வேண்டும் என்பது. டேக்-ஆஃப் கிளியரன்ஸ் என்பது ஓடுபாதையில் ஓடி மேலெழ அனுமதி. முதலாவது இருந்தும் இரண்டாவது இல்லையென்றால் சக்கரம் நகரக் கூடாது.

கோபுரம் முதலாவதை மட்டும் தந்தது. அதன் சாரம் இது: 'பாப்பா பீக்கன் என்ற வழிகாட்டி நிலையம் வரை கிளியர் செய்யப்பட்டிருக்கிறீர்கள், 90-ஆம் பறப்பு மட்டத்துக்கு ஏறுங்கள், டேக்-ஆஃப்புக்குப் பின் வலப்புறம் திரும்புங்கள்...' துணை விமானி அதைத் திருப்பிச் சொல்லத் தொடங்கினார். சொல்லிக்கொண்டிருக்கும்போதே தலைமை விமானி பிரேக்கை விடுவித்து, 'போகிறோம்' என்று டச்சில் சொல்லிவிட்டு விசையைத் தள்ளினார். விமானம் நகர்ந்தது. துணை விமானியின் குரல் வேகம் கூடியது. முடிவில், விதிமுறையில் எங்கும் இல்லாத அந்த வாக்கியத்தை ஒட்டினார்: 'வீ ஆர் நவ் அட் டேக்-ஆஃப்'. ஒலிப்பதிவில் அந்த இடம் அவசரமும் மங்கலுமாகவே கேட்கிறது.

கோபுரம்: 'ஓகே'. ஏறக்குறைய இரண்டு நொடி மௌனம். பிறகு: 'ஸ்டாண்ட்-பை ஃபார் டேக்-ஆஃப், நான் அழைக்கிறேன்.' அதே கணத்தில், 'ஓகே'யைக் கேட்டுக் கலங்கிய பான் ஆம் விமானிகளும் பொத்தானை அழுத்தினார்கள்: 'நாங்கள் இன்னும் ஓடுபாதையில் ஊர்ந்துகொண்டிருக்கிறோம்.' ஒரே அலைவரிசையில் இரண்டு ஒலிபரப்பிகள் ஒன்றாகப் பேசினால் இரண்டின் அலைகளும் மோதிக் கீச்சென்ற ஒலியாக வரும். கே.எல்.எம். விமானி அறையில் சுமார் நான்கு நொடிகள் அந்தக் கீச்சொலி. 'ஓகே' மட்டும் தெளிவாக விழுந்தது.

பிறகு பான் ஆம் விமானத்திடம் ஓடுபாதையை விட்டு விலகியதும் தெரிவிக்கச் சொன்னது கோபுரம். தெரிவிக்கிறோம் என்றது பான் ஆம். இந்த உரையாடல் கே.எல்.எம். அறையிலும் கேட்டது. விமானப் பொறியாளர் வில்லெம் ஸ்க்ரூடர் மட்டும் அதைப் பிடித்துக்கொண்டு, 'அவர்கள் இன்னும் விலகவில்லையா?' என்று கேட்டார். 'விலகிவிட்டார்களே' என்று அழுத்தமாகச் சொன்னார் தலைமை விமானி. சில நொடிகள் கழித்துப் பனிக்குள் பான் ஆம் தெரிந்தது. மூக்கை அவசரமாகத் தூக்கியதில் கே.எல்.எம். விமானத்தின் வால் ஓடுபாதையில் உரசியது. அது தரையை விட்டு எழும்பவும் செய்தது, ஆனால் எரிபொருள் நிறைந்த எடையோடு பான் ஆமைத் தாண்டிச் செல்ல முடியவில்லை. கே.எல்.எம்.மில் இருந்த 248 பேரும் இறந்தார்கள். பான் ஆமில் இருந்த 396 பேரில் 61 பேர் பிழைத்தார்கள். அவர்களில் தலைமை விமானி, துணை விமானி, விமானப் பொறியாளர் மூவரும் உண்டு.

விரித்துப் பார்த்தால்

அந்த ஒரு நிமிடத்தில் 'டேக்-ஆஃப்' என்ற சொல் நான்கு தடவை வானொலியில் போயிருக்கிறது: தயார் என்று சொல்லும்போது, வழித்தட அனுமதிக்குள், 'அட் டேக்-ஆஃப்' என்னும்போது, கோபுரத்தின் 'ஸ்டாண்ட்-பை'யோடு. ஐந்தாவதாக வர வேண்டிய, உண்மையில் தேவைப்பட்ட 'டேக்-ஆஃப் கிளியரன்ஸ்' வரவே இல்லை. ஆனால் அந்தக் கூட்டுச்சொல்லின் இரு பாதிகளும் வந்துவிட்டன. வழித்தட அனுமதியின் தொடக்கத்தில் 'கிளியர் செய்யப்பட்டிருக்கிறீர்கள்' இருக்கிறது. அதே வாக்கியத்தின் நடுவில் 'டேக்-ஆஃப்' இருக்கிறது. புறப்படத் துடித்துக்கொண்டிருந்த ஒரு மனம், எட்டி எட்டி நின்ற இந்த இரண்டையும் ஒன்றாகத் தொகுத்துக்கொள்வது எளிது. யாரும் சொல்லாத ஒரு தொகைச்சொல்லைக் கேட்பவரின் செவியே செய்துகொண்டது என்பதுதான் என் வாசிப்பு. தலைமை விமானியின் மனத்தை இன்று யாரும் திறந்து பார்க்க முடியாது. ஆனால் வேறு எதுவும் அவரது உறுதியை இவ்வளவு எளிதாக விளக்கவில்லை.

இனி துணை விமானியின் வாக்கியம். 'அட் டேக்-ஆஃப்' என்பதில் 'டேக்-ஆஃப்' பெயர்ச்சொல். பெயர்ச்சொல் என்றால் அது ஓர் இடமாகலாம், ஒரு கட்டமாகலாம், நடந்துகொண்டிருக்கும் செயலாகவும் ஆகலாம். கோபுரம் அதை இடமாக விரித்தது: டேக்-ஆஃப் செய்ய வேண்டிய முனையில் நிற்கிறார்கள். அந்த நாற்காலியிலிருந்து பார்த்தால் அது இயல்பான வாசிப்பு. அனுமதி தராத விமானம் நகராது. ஆகவே இது நிற்கும் விமானத்தின் செய்திதான். விமானி அறையில் இருந்தவருக்கோ விமானம் காலடியில் அதிர்ந்து ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அது செயல்.

டச்சு மொழியில் ஒரு செயலைச் செய்துகொண்டிருக்கிறோம் என்பதற்கு 'ஆன் ஹெட்' என்ற சொற்களுக்குப் பின் வினையின் மூல வடிவத்தை வைப்பார்கள். அதை ஆங்கிலச் சொற்களில் அப்படியே அடுக்கினால் 'அட் டேக்-ஆஃப்' போன்ற ஒன்றுதான் வரும் என்று மொழியியலாளர்கள் சுட்டியிருக்கிறார்கள். நெருக்கடியில் தாய்மொழியின் எலும்புக்கூடு அயல்மொழிச் சதைக்குள்ளிருந்து தலைகாட்டும் என்பதால், இந்த விளக்கம் எனக்கு ஏற்புடையதாகவே படுகிறது. ஆனால் இதற்கு முழு எடையையும் தருவது சரியல்ல. முதல் தடவை தடுத்துத் திருத்தியவர் இரண்டாவது தடவை விதிமுறையை மீறி எதற்காக ஒரு வாக்கியத்தைச் சேர்த்தார்? நிறுவனத்தின் மூத்த பயிற்சியாளரை மறுபடியும் நேருக்கு நேர் தடுக்க மனம் வராமல், கோபுரம் தடுக்கட்டும் என்று காதில் போட்டுவைத்ததாகவும் கொள்ளலாம். அப்படியென்றால் மொழி தடுமாறியதற்குக் காரணம் டச்சு இலக்கணம் மட்டுமல்ல, பதவிப் படிநிலையும் கூட.

'ஸ்டாண்ட்-பை'யையும் விடக் கூடாது. வானொலி ஒழுங்கில் அதன் பொருள் 'காத்திரு, நான் அழைக்கிறேன்'. ஆம் என்றும் இல்லை என்றும் ஆகாது. நாடக மேடையில் மேடை மேலாளர் ஒளியமைப்பாளரிடம் 'ஸ்டாண்ட்-பை' என்றால் கையை விசைமேல் வை, இதோ வருகிறது என்று பொருள். கப்பல் எந்திர அறையிலும் ஏறக்குறைய அதுவே. விமான டிக்கெட்டில் அதே சொல் இடம் காலியானால் ஏறலாம் என்ற நிலை. 'ஸ்டாண்ட்-பை ஃபார் டேக்-ஆஃப்' என்ற வாக்கியம் முழுதாகவே கேட்டிருந்தாலும், அவசரத்தில் இருப்பவர் காதில் 'டேக்-ஆஃப்புக்குத் தயாராகு' என்று விழ இடமுண்டு. கீச்சொலிக்கிடையே 'ஓகே... டேக்-ஆஃப்' என்று மிஞ்சியிருந்தால் சொல்லவே வேண்டாம். தடுப்பதற்காகச் சொன்ன வாக்கியத்துக்குள்ளேயே அனுமதியின் சொல் உட்கார்ந்திருந்தது.

இரண்டு நாட்டின் வாசிப்பு

ஸ்பெயினின் விசாரணை கே.எல்.எம். தலைமை விமானியின் மீது அடிப்படைக் காரணத்தை வைத்தது: அனுமதியின்றி ஓடினார், காத்திருக்கச் சொன்னதைப் பின்பற்றவில்லை, பான் ஆம் ஓடுபாதையில் இருப்பதாகச் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை, பொறியாளர் கேட்டபோது விலகிவிட்டார்கள் என்றார். நெதர்லாந்துத் தரப்பு, இரு பக்கமும் ஒருவரையொருவர் தவறாகப் புரிந்துகொண்டதையே முன்னிறுத்தியது. கோபுரத்தின் 'ஓகே'யும் முறைப்படியான சொல் அல்லவே என்பது அவர்கள் வாதம். அது நியாயமான வாதம்தான். ஆயினும் கே.எல்.எம். கடைசியில் பொறுப்பேற்று இழப்பீடு கொடுத்தது.

பரிந்துரைகளில் இரு தரப்புக்கும் பெரிய சண்டை இல்லை. உத்தரவுகளையும் அனுமதிகளையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்ற வேண்டும். சுருக்கமான, இருபொருள் தராத, நிலைப்படுத்திய மொழியைப் பயன்படுத்த வேண்டும். மூன்றாவது: வழித்தட அனுமதியில் 'டேக்-ஆஃப்' என்ற சொல்லே வரக் கூடாது, அந்த அனுமதிக்கும் டேக்-ஆஃப் அனுமதிக்கும் நடுவே போதிய நேர இடைவெளி வேண்டும். மூன்றாவதைக் கவனியுங்கள். சொல்லை மாற்றச் சொல்லவில்லை, விளக்கம் சேர்க்கச் சொல்லவில்லை. அது வரக்கூடிய இடங்களைத்தான் குறைத்தார்கள்.

சொல்லுக்குப் போட்ட வேலி

இன்று இக்காவோவின் நடைமுறையில் 'டேக்-ஆஃப்' என்ற சொல் இரண்டே இடங்களில் வரலாம். அனுமதி தரும்போது; தந்த அனுமதியை ரத்து செய்யும்போது. மற்ற எல்லா இடத்திலும் 'டிபார்ச்சர்'. விமானி 'ரெடி ஃபார் டிபார்ச்சர்' என்பார். வழித்தட அனுமதியிலும் 'டிபார்ச்சருக்குப் பின்' என்றுதான் வரும். ஓடுபாதையில் நின்று காத்திருக்கச் சொல்ல 'லைன் அப் அண்ட் வெயிட்'. அமெரிக்கா மட்டும் நெடுங்காலம் 'பொசிஷன் அண்ட் ஹோல்ட்' என்று தனி வழியில் போய், 2010 செப்டம்பர் 30 அன்றுதான் இதற்கு மாறியது. விமானம் ஏற்கெனவே ஓடத் தொடங்கியிருந்தால் நிறுத்துவதற்கான உத்தரவில்கூட 'டேக்-ஆஃப்' வராது. 'ஸ்டாப் இமீடியட்லி' என்று விமானத்தின் அழைப்புப் பெயரோடு இரண்டு தடவை. சென்னை மீனம்பாக்கத்தின் அலைவரிசையிலும் இதுவே முறை.

'கோ அஹெட்' என்ற சேர்க்கைக்கும் இதே போன்ற கதி. உங்கள் செய்தியைச் சொல்லுங்கள் என்ற பொருளில் வானொலியில் புழங்கியது. விமானத்தை முன்னால் நகர்த்து என்றும் அது கேட்கும் என்பதால், அப்படிக் குழம்பக்கூடிய இடங்களில் அதைத் தவிர்க்கச் சொல்கிறார்கள். பிரிட்டனில் 'பாஸ் யுவர் மெசேஜ்' என்று மாற்றிக்கொண்டார்கள்.

விமானத் துறைக்கு முன்பே இந்த வேலியைப் போட்டவர்கள் உண்டு. நாடக மேடை மேலாளர்களின் ஒலிக்கருவி இணைப்பில் 'கோ' என்ற சொல்லைக் குறிப்புக் கட்டளைக்காக மட்டுமே வைத்திருப்பார்கள். வேறெங்காவது அதைச் சொல்ல வேண்டியிருந்தால் எழுத்துக்கூட்டிச் சொல்வார்கள். 'கோ' கேட்ட கணத்தில் யாரோ ஒருவர் விளக்கை அணைத்துவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

ரயில்வே இன்னும் ஒரு படி மேலே போனது. நம் ஒற்றைத் தடங்களில் 'லைன் கிளியர்', அதாவது அடுத்த நிலையம் வரை போகலாம் என்ற அனுமதி, நெடுங்காலம் வெறும் சொல்லாக இருக்கவில்லை. நிலையத்தில் இருந்த நீல் கருவி என்ற எந்திரத்திலிருந்து எடுத்துத் தோல் பையில் போட்டுக் கொடுத்த உலோகப் பந்து அது. அடுத்த நிலையம் சம்மதித்தால்தான் கருவி பந்தை வெளியே விடும். பந்து கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கக் கூடாது. அங்கே கூட்டுச்சொல்லுக்கு எடையும் உருவமும் இருந்ததால் அதை யாரும் தவறாகக் கேட்க முடியாது. கையில் இருக்கிறது, அல்லது இல்லை. டெனெரீஃபில் இருந்த அனுமதி காற்றில் போன ஒலி மட்டுமே. ஓடுபாதைக்கு நுழையும் இடங்களில் சிவப்பு விளக்குகளை வரிசையாகப் பதித்து, அனுமதி கிடைத்தால்தான் அணையும்படி பெரிய நிலையங்கள் பின்னாளில் செய்திருப்பதில், அந்தப் பந்தின் நியாயம் திரும்பி வந்திருப்பதாகவே எனக்குத் தோன்றுகிறது.

விமானி அறைக்குள்ளும் மாற்றம் வந்தது. இளையவர் மூத்தவரைக் கேள்வி கேட்கப் பழக்கும் பயிற்சியை நாசா 1979-ல் கூட்டிய பட்டறை முன்வைத்தது. யுனைட்டெட் ஏர்லைன்ஸ் 1981-ல் தொடங்கியது. அதற்கு முதலில் வைத்த பெயர் 'காக்பிட்' வள மேலாண்மை. 'காக்பிட்' என்ற கூட்டுச்சொல்லை விரித்தால் சேவல் சண்டை நடக்கும் குழி என்று வரும். பிறகு போர்க்கப்பலில் காயம்பட்டவர்களுக்குச் சிகிச்சை செய்யும் கீழ்த்தளமாகி, அதற்கப்புறம் விமானத்தில் ஏறியது. பணிப்பெண்களையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பதால் பின்னர் பயிற்சியின் பெயரில் 'காக்பிட்' போய்க் 'குழு' வந்தது. சேவல் சண்டைக் குழி போனதும் நல்லதுதான்.

இக்காவோ பின்னர் விமானிகளுக்கும் கட்டுப்பாட்டாளர்களுக்கும் ஆங்கிலத் தேர்ச்சிப் படிகளை விதித்தது. 2008 முதல் குறைந்தது நான்காம் படி வேண்டும். 1996 நவம்பரில் ஹரியாணாவின் சர்க்கி தாத்ரி மேலே சவூதி, கஜகஸ்தான் விமானங்கள் மோதி 349 பேர் இறந்தது அதற்கு ஒரு தூண்டுதல். நல்ல ஏற்பாடுதான். ஆனால் டெனெரீஃபுக்கு அது மருந்தாகியிருக்காது. அன்று அலைவரிசையில் இருந்த யாருக்கும் ஆங்கிலம் தெரியாமல் இல்லை. 'டேக்-ஆஃப்' என்ற சொல் தெரியாதவரும் அங்கே ஒருவரும் இல்லை. தெரியாத சொல்லாக இருந்தால் மறுபடி கேட்டிருப்பார்கள்.

தமிழில் விமானச் செய்தி எழுதுகிறவர்களுக்கு இதில் ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது. 'புறப்பட்டது' என்ற ஒரே சொல்லை நாம் இரண்டுக்கும் போடுகிறோம். வாயிற்கதவை மூடி விமானம் நகர்ந்ததும் புறப்பட்டது. ஓடுபாதையில் ஓடி மேலே போனதும் புறப்பட்டது. நெரிசலான நிலையத்தில் இந்த இரண்டுக்கும் நடுவே அரை மணி நேரம்கூட ஆகலாம். 'விமானம் 8 மணிக்குப் புறப்பட்டது, 8.20-க்கு எந்திரக் கோளாறு' என்று படித்தால் அது தரையில் நின்றதா, வானத்தில் இருந்ததா என்று வாசகருக்குத் தெரியாது. முதலாவதற்குப் 'புறப்பாடு' என்றும், இரண்டாவதற்கு 'மேலெழுந்தது' என்றும் பிரித்து எழுதினால் தீர்ந்துவிடும். 'மேலெழும்பிய சில நிமிடங்களில்' என்று நாளிதழ்கள் ஏற்கெனவே அவ்வப்போது எழுதத்தான் செய்கின்றன. எல்லா இடத்திலும் அப்படியே எழுதலாம்.